பட்டுக் கட்டிய மோட்டார்

"இந்தத் துணி என் காருக்கு வேணாம். திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள் புஷ்பவல்லி.

பத்து ரோட்டுத் துணிக்கடையில் பேரம் பேசி வாங்கி வந்த சாம்பல் நிறத் துணியோடு தம்புசாமி திருதிருவென்று விழித்தார். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பிரிக்பீல்ட்ஸில் அந்தத் தெருவுக்கே ஒரே மோட்டார் அவருடையதுதான். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் வாங்கிய பழைய ஆஸ்டின். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. கூரைதான் கண்றாவி. மழை ஒழுகி, உள்பக்கத் துணி இற்று, உட்காருகிறவர் தலையில் வந்து இடித்தது.

விடிந்தால் அந்தக் காரில்தான் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி கல்யாணப் பெண்ணாகக் கிள்ளானில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும்.

"இந்தத் துணிக்கு என்னடி குறைச்சல்?"

"ஆஸ்பத்திரிப் போர்வை மாதிரி இருக்கு. எனக்குப் பட்டு வேணும்."

"கார் கூரைக்குப் பட்டா?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

அந்த வீட்டில் கல்யாணக் களையே இல்லை. தனலெட்சுமியின் அம்மா ராஜம்மா, புருஷனை இழந்தவள். அன்று காலையில்தான் மாப்பிள்ளையின் தாய்மாமன் பழனியப்பன் வந்து, "பொண்ணு கூட அம்மா வண்டியில வர வேணாம். சகுனம்னு ஒண்ணு இருக்குல்ல. அவங்க பின்னால ரயில்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து தனலெட்சுமி அழுதுகொண்டே இருந்தாள். ஒற்றை ஆளாய் வளர்த்த அம்மா இல்லாமல் எப்படிப் போவாள், பாவம்.

புஷ்பவல்லி அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. "அக்கா, பெட்டியில உங்க கல்யாணப் பட்டு இருக்குல்ல? எடுங்க. கார் கூரைக்கு அடிக்கணும்."

தனலெட்சுமி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அது அம்மா சேலை, அத்தை."

"உங்கம்மா இனிமே கட்டப் போறாங்களா? நீ கட்டினாலும் உன் புருஷன் வீட்டுல விடப் போறாங்களா? பூச்சி அரிக்கிறதுக்குப் பதிலா என் கார்ல இருக்கட்டும்."

இப்படியும் ஒரு நாக்கு. ராஜம்மா அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, அரக்கு நிறப் பட்டை எடுத்து நீட்டினாள்.

விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னானாம். தாலியறுத்தவ சேலைய உருவி மோட்டாருக்குச் சிங்காரம் பண்றாளே" என்றாள் எதிர்வீட்டுச் சீதாலெட்சுமி. வாய் அப்படிப் பேசினாலும் கால் கார் பக்கம்தான் வந்தது. தெருவே அங்கேதான் நின்றது.

தம்புசாமி பழைய துணியைப் பிடித்து இழுத்தார். தூசியும் கரப்பான் பூச்சியுமாகக் கொட்டியது. கூட்டம் சிரித்துக்கொண்டே சிதறிவிட்டு, மறுபடி வந்து சூழ்ந்தது. ஒழுகிய இடத்தில் தார் பூசினார். வெயிலில் காய்ந்ததும் சேலையை அளந்து, கத்தரிக்கோலை எடுத்தார்.

"கத்தரியத் தொட்டீங்க, சோறு கிடையாது. மடிச்சு அடிங்க."

"இத்தனை மடிப்புல ஆணி இறங்குமாடி?"

"ஓரத்துல மட்டும் அடிங்க. நடுவுல நான் சட்டத்தோட சேர்த்துத் தைச்சிடறேன்."

அவர் வாயில் ஆணிகளோடு, கழுத்தை ஒடித்துக்கொண்டு அடித்தார். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தொங்கியது. பட்டு வழுக்கியது. பிடுங்கினார், மறுபடி அடித்தார். அவள் ஊசியும் நூலுமாகப் பின்சீட்டில் மல்லாந்து கிடந்து, கூரையின் மரச்சட்டங்களோடு சேர்த்துத் தைத்தாள். "இழுங்க, இன்னும் இழுங்க" என்று வெளியிலிருந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

பொழுது சாய்வதற்குள் முடிந்தது. தம்புசாமி கூரையைத் தட்டிப் பார்த்தார். மத்தளம் மாதிரி விறைத்து நின்றது. சரிகை மின்ன, காருக்குள் கோயில் வந்தது போல இருந்தது. சீதாலெட்சுமிகூடத் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று முனகினாள்.

மறுநாள் காலை பழனியப்பன் முன்சீட்டில் ஏறினார். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே பூரித்துப்போனார்.

"கிராணி, கூரைக்கே பட்டா? என்ன மங்களகரமா இருக்கு. இதுக்குக் கீழ உக்காந்து போக எங்க வீட்டு மருமக குடுத்து வச்சிருக்கணும்."

தம்புசாமி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். பின்சீட்டில் தனலெட்சுமி, பக்கத்தில் துணைக்குப் புஷ்பவல்லி. நேற்றிலிருந்து தனலெட்சுமி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ராஜம்மா யார் கண்ணிலும் படாமல், வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

கார் கிளம்பியது. தெருவே கையாட்டியது. பெண்ணின் கண் மட்டும் அந்தக் கதவையே தேடியது. தெருமுனை திரும்பியதும் அவள் உடைந்து அழுதாள்.

பழனியப்பன் முன்னால் திரும்பி உட்கார்ந்து பாதை பார்க்கும் நேரமாக, புஷ்பவல்லி அவள் காதருகே குனிந்தாள்.

"அழாதடி. உன் பக்கத்துல உங்கம்மா உக்காரக் கூடாதுன்னுதான சொன்னாங்க? மேல பாரு, அவங்க முந்தானைய உன் தலைக்கு நேராத்தான் விரிச்சுத் தைச்சிருக்கேன்."