காட்டின் சார்பில் ஜெனபா

சியரா லியோனில் ஒரு மழைக்காடு சட்டப்படி ஓர் ஆளாகியிருந்தது. அதன் சார்பில் பேச, ஆண்டுதோறும் காட்டை ஒட்டிய ஊரில் ஒருவரைக் குலுக்கலில் எடுப்பார்கள். அவர் மறுத்தால் ஒரு மரத்தையும் வெட்ட முடியாது.

அந்த ஆண்டு ஜெனபாவின் பெயர் வந்தது. முதல் மனுவே அவள் கணவன் வாண்டியுடையது. கொக்கோ பயிரிட அவனுக்கு மூன்று ஏக்கர் காடு வேண்டும்.

"நம்ம பிள்ளைங்களுக்காகத்தானே கேக்கறேன்?" என்றான்.

"தெரியும். ஆனா அங்க சிம்பன்சிங்க குட்டிகளோட இருக்கு. முடியாது."

வாண்டி அவளோடு பல வாரம் பேசவில்லை.

மறு ஆண்டு குலுக்கலில் அவன் பெயரே வந்தது. ஊரே சிரித்தது. அவன் அதே மனுவை மறுபடி போட்டான். முடிவு சொல்லுமுன் மூன்று நாள் காட்டுக்குள் தங்க வேண்டும் என்பது விதி. போனான்.

நான்காம் நாள் காலை, சேறு அப்பிய காலோடு வந்து மனுவை அவளிடம் நீட்டினான். 'மறுக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தான்.

"என்ன ஆச்சு?"

"ஒரு தாய்ச் சிம்பன்சி, குட்டியை அணைச்சுக்கிட்டு என்னையே பாத்துச்சு. யாருக்காகப் பேச வந்திருக்கோம்னு அப்பத்தான் உறைச்சுது." தயங்கினான். "போன வருஷம் உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும், ஜெனபா?"

"ரொம்ப," என்றாள் அவள்.

அன்று இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.