நாலு வரிசை மரம்

"லீவு கீவெல்லாம் கிடையாது. பந்தா உனக்குச் சோறு போடுது?"

முதல் நாள் காலை, ரப்பர் தோட்டத்தில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னாலும் கணக்கப்பிள்ளை நாகலிங்கம் யோகராஜைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"இந்த மாசம் ரெண்டு தடவ போயிட்ட. நாளைக்கும் உன் மரமெல்லாம் பால் வெட்டாமக் கெடந்தா பேர வெட்டச் சொல்லிட்டாரு தொரை. பொறகு வேலையும் இல்ல, லயத்துல குடியிருக்கக் காம்பராவும் இல்ல. தெரிஞ்சுக்க!"

யோகராஜ் கேட்டானா? மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கேகாலைக்குப் போய்விட்டான்.

போகாமல் என்ன செய்வான்? ஆசிய விளையாட்டு விழாவுக்கான தகுதிகாண் போட்டியில் ஆட, இலங்கை உதைபந்தாட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். சப்ரகமுவ மாகாணத்துக்கு இன்றைக்குத்தான் கடைசித் தெரிவு ஆட்டம். ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து ஒருவனைக் கூப்பிட்டதே பெரிசு. இன்னொரு தடவை கூப்பிடுவார்களா என்ன?

மாட்டிக்கொண்டவள் அவன் மனைவி விஜயகலாதான். அவளுக்கென்று தனியாக முந்நூறு மரம். அதை முடித்துவிட்டு அவன் பால் வெட்டுகிற மலைக்கு ஓடி, அவன் மரங்களையும் வெட்டிவிடுவதாகத் திட்டம். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். கத்தி மரத்தில், கண் சூரியனில், மனசு கேகாலையில். பதற்றத்தில் இரண்டு சிரட்டைப் பாலைக் காலாலேயே தட்டிக் கொட்டினாள்.

பாதி மரம்கூட முடியவில்லை. கீழ் வரிசையில் பால் வெட்டிக்கொண்டிருந்த சுப்பம்மா கூவினாள்.

"அடியே கலா! தொரையோட ஜீப்பு! கணக்கப்பிள்ளையும் கூட இருக்காரு. ஒம் புருசன் மலைக்குத்தான் போறாங்க!"

"பாவி கணக்கப்பிள்ளை! தொரையக் கையோடயே கூட்டிக்கிட்டு வந்துட்டானே!"

கத்தியும் கையுமாக ஓடினாள். வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். என்ன சொல்லிக் காலில் விழுவது என்றுகூடத் தெரியவில்லை.

ரோட்டோரம் ஜீப் நின்றது. தொரை ஒரு மரத்தடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மரத்துச் சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மரத்திலும் சொட்டியது. அதற்கடுத்ததிலும்.

விஜயகலா இன்னும் இந்த மலைக்கு வரவேயில்லையே, யார் வெட்டியது?

"மொனவாத மே! என்ன வெட்டு இது?" என்று தொரை சிங்களமும் தமிழுமாகக் கத்தினார். "பட்டை எல்லாம் காயம்! எங்க யோகராஜ்?"

"வாளி எடுக்க ஸ்டோருக்குப் போயிருக்கான் சேர்." கணக்கப்பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பவ்யமாகச் சொன்னார். "புத்தியெல்லாம் பந்துல சேர். வரட்டும், நல்லா ஏசி வைக்கிறேன்."

"ஏசணும்! இன்னொரு நாள் இப்பிடி வெட்டினா நான் சும்மா விட மாட்டேன்."

தொரை ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

விஜயகலாவுக்கு வந்ததே கோபம்! பயமெல்லாம் எங்கே போனதோ.

"என்னங்கய்யா இது அநியாயம்? எங்க வீட்டுக்காரரு இத்தன வருசத்துல ஒரு மரத்தயும் காயப்படுத்தினதில்லீங்க. எந்தக் கைவராதவன் வெட்டின வெட்டோ, பழி மட்டும் அவருக்கா?"

நாகலிங்கம் ஜீப் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின்னால் கட்டியிருந்த கைகளை மெல்ல முன்னால் எடுத்தார். விரலெல்லாம் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. பெருவிரலில் ரத்தம் ஊறிய துணிக்கட்டு.

"கத்தியத் தொட்டுப் பதினெட்டு வருசமாச்சு புள்ள. பெரட்டுக்கு முந்தி ரோட்டோரத்து நாலு வரிசைதான் முடிஞ்சுது. தொரை அதுக்கு மேல ஏற மாட்டாருன்னு எனக்குத் தெரியும். நின்னு பாத்துக்கிட்டு இருக்காத, மிச்சத்த ஓடிப்போய் வெட்டு!"