பூமியைக் காத்த பரமலிங்கம்

இந்தப் பூமியைக் காப்பாற்றிய மனிதர் கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். எண்பத்துநாலில் வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரில் வேற்றுக்கிரகக் கப்பல்களை ஒன்றுவிடாமல் சுட்டு விழுத்தியதாகப் பரமலிங்கத்தார் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவந்தார்.

அந்த மாதத்தின் மூன்றாவது இராணுவச் சுற்றிவளைப்பில், அடையாள அட்டைகளைப் பார்த்து முடித்த அதிகாரி அலுமாரிக்குள் அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியைக் கண்டார்.

"இது செய்தி அனுப்புற மெஷினா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை சேர், கேம். சுடுற விளையாட்டு."

"அப்ப விளையாடிக் காட்டுங்க. பொய்யெண்டா ஸ்டேஷனுக்கு வரவேணும்."

விளையாட்டை ஏற்றும் கசெட் கீச்சிட்டு முடிய, திரையில் கப்பல்கள் இறங்கின. பரமலிங்கத்தாரின் மூன்று விண்கலங்களும் ஒரு நிமிஷத்துக்குள் வெடித்தன.

"இந்த ஆளுக்குச் சுடவே தெரியாது," என்று துவக்கோடு நின்ற சிப்பாயிடம் சொல்லிவிட்டு, அதிகாரி அடுத்த வீட்டுக்குப் போனார்.

மனைவி தவமலர் கதவைச் சாத்தினாள். "இஞ்சேருங்கோ, நல்லா நடிச்சியள். வழக்கமாச் சுடுற மாதிரிச் சுட்டிருந்தால் புலியெண்டு கொண்டுபோயிருப்பாங்கள்."

"ஓம். அதுக்கு மூளை வேணுமப்பா," என்றார் அவர்.

திரையில் நாற்பது புள்ளி நின்றது. அவர் இதுவரை எடுத்ததில் அதுதான் ஆகக் கூடின புள்ளி.