ஆட்சேபம் உள்ளவர்கள்

மேசைவிரிப்புக்கு அடியில் அவள் காலைக் கழற்றி வைத்திருந்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போயிருந்தது. பொத்தானை அழுத்தி, உருவி, நாற்காலியோரம் சாய்த்திருந்தது.

சங்கக் கூட்டம் என்றால் அப்படித்தான். மாதாமாதம் கூடும் அந்தச் சின்ன அறையில், செயற்கைக்கால் போட்டவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றுவதுபோல் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். கிளம்பும்போது யாராவது, "என் காலை எவன்யா மாட்டிக்கிட்டுப் போனது?" என்று கத்துவார்கள். அறையே சிரிக்கும்.

இது அந்த அறை இல்லை.

திருச்சியில் பெரிய ஹோட்டல். ஏசி அரங்கு. கழுத்தில் 'பயனாளர் பிரதிநிதி' என்ற அட்டை.

இன்று இரண்டு சங்கங்கள் ஒன்றாகின்றன. செயற்கைக் கை கால் செய்பவர்களின் சின்னச் சங்கம், அவள் மாதாமாதம் போவது. கால்தாங்கியும் இடுப்புப் பட்டையும் செய்பவர்களின் பெரிய சங்கம். சின்னச் சங்கத்தில், கால் போட்டவர்களுக்கென்று ஓர் ஓட்டு உண்டு. அது அவளுடையது. நாளையிலிருந்து கிடையாது.

அதுகூடப் போகட்டும் என்றிருந்தாள்.

புது விதிகளில் வேறொரு வரி இருந்தது. கால் பொருத்தும் அறைக்குள் இனி நிபுணரும் நோயாளியும் மட்டுமே.

இதுவரை மூன்றாவதாக ஒருவர் இருப்பார். காலை இழந்தவர் முதல்முறை வரும்போது, பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலைக் கழற்றிக் காட்டுவார்.

அவளுக்கு மும்தாஜ் அக்கா காட்டினாள்.

"தொட்டுப் பாரு புள்ள. கடிக்காது."

தொட்டாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் முதன்முதலாக அழுதாள்.

அவள் கணவர் நல்லவர். அவள் காலைக் கழற்றும்போது மட்டும் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

வரும் வியாழக்கிழமை பெரம்பலூரிலிருந்து தெய்வானை வருகிறாள். புதியவள். போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "நீங்க கூட இருப்பீங்கல்லக்கா?"

இருப்பேன் என்று சொல்லியிருந்தாள்.

காலையில் சின்னச் சங்கத்தின் செயலாளர் சேவியர் சார் அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒரு ஆளு எந்திரிச்சாப் போதும்மா. அந்த விதிய மறுபடி பேசியே ஆகணும்." அவரால் எழ முடியாது. புதுச் சங்கத்துக்கு அவர்தான் துணைத்தலைவர்.

தலைவர் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"ஆட்சேபம் உள்ளவங்க எழுந்து நிக்கலாம்."

அவள் குனிந்தாள். சாய்த்த இடத்தில் கால் இல்லை. விரிப்புக்குள் எங்கோ சரிந்திருந்தது.

கையை உயர்த்தினாள்.

தட்டோடு போய்க்கொண்டிருந்தவர் அவள் பக்கம் குனிந்தார். "டீயாக்கா, காபியா?"

"ஒரு நிமிஷம்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் டீயை வைத்துவிட்டுப் போனார்.

மேடையிலிருந்து சேவியர் சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏகமனதா நிறைவேறுது," என்றார் தலைவர்.

கைதட்டல்.

கால் அகப்பட்டது. உள்ளே நுழைத்தாள். வெகுநேரம் உட்கார்ந்ததில் மிச்சக் கால் வீங்கியிருந்தது. இறங்க மறுத்தது. எழுந்து உடம்பின் கனத்தைக் கொடுத்தால்தான் பூட்டும்.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

நாட்டுப்பண் தொடங்கியது. அரங்கமே எழுந்து நின்றது.

க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. அவளுக்கு மட்டும் கேட்டது.

இருநூறு பேருக்கு நடுவில் நின்றாள். அசையக்கூடாது. பேசக்கூடாது.

மும்தாஜ் அக்காவாக இருந்தால் ஒற்றைக்காலில் எழுந்து நின்றிருப்பாள். சேலை ஒரு பக்கம் வெறுமையாகத் தொங்க, மேசையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று.

அப்படி நிற்கலாம் என்பது இப்போதுதான் தோன்றுகிறது.

இப்போதுதானா?

எத்தனையோ பேரிடம் தொட்டுப் பார் என்று நீட்டிய மிச்சக் கால். அதை விரிப்புக்குள் ஒளித்துக்கொண்டு தேடியது எதை?

பாட்டு முடிந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் போனார்கள்.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மேசைகளைத் துடைத்துக்கொண்டே வந்தவர், ஆடை படிந்த டீயை எடுத்தார்.

"உக்காருங்கக்கா. எம்புட்டு நேரம் நிப்பீங்க? கால் வலிக்கும்ல."

அவள் உட்காரவில்லை.