சாட்சிக் கையெழுத்து

ஹுதைபாவின் ஜீப்புக்கு இவ்வளவு பெரிய ஸ்பெயார் டயர் எதற்கு என்று அவன் மனைவி ரிப்கா கேட்காத நாளில்லை. அதை மாட்டியிருந்த பின்கதவு பாரம் தாங்காமல் தொங்கியது. பின்கண்ணாடி மறைந்து, பின்னால் இருப்பது எதுவுமே தெரியவில்லை.

"அப்ப எப்பிடி ரிவர்ஸ் எடுக்கிறீங்க?"

"வீட்டு மதில்ல டயர் முட்டினா நிப்பாட்டுவேன். அதுக்கும் உதவுதுதானே."

"அந்த மதில் வேலைய முடிங்க. கம்பியெல்லாம் நீட்டிக்கிட்டு இரிக்கு. என்ட சல்வார் ரெண்டு கிழிஞ்சிட்டு."

"சும்மா தொணதொணக்காத. இந்த டயர் ஒருநாள் நம்மளக் காப்பாத்தும், அப்ப பேசு."

அந்த நாளும் வந்தது. மடுல்கெல்லையில் ரிப்காவின் தம்பிக்கு நிக்காஹ். ஹுதைபாதான் சாட்சி. அரை மணி நேரமே இருக்கையில், மலைப்பாதையில் முன் டயர் வெடித்தது.

"இப்ப சொல்லு," என்று சிரித்தபடியே இறங்கினான்.

ஸ்பெயார் டயரின் உறையைக் கழற்றி, அவசரத்தில் எதையும் கவனிக்காமல் அதை உருட்டிவந்து, புதுச் சட்டை வியர்வையில் நனைய நனைய மாட்டி, வண்டியைத் தூக்கியிருந்த ஜக்கை இறக்கினான். ஜீப்போடு சேர்ந்து அந்த டயரும் தரையோடு தரையாக அமுங்கியது. அதன் பக்கவாட்டில் விரல் நுழையுமளவுக்கு ஓட்டை.

பள்ளிவாசலிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"இது எப்பிடி?" என்று கத்தினான். "உறையில ஒரு ஓட்டையும் இல்லையே."

"இருந்திச்சு," என்றாள் ரிப்கா. "ரெண்டு மாசத்துக்கு முன்ன நான்தான் தச்சேன். சொன்னா ஏசுவீங்களேன்னு சொல்லல்ல."