மாட்டாத பிலிம்

"யாரும் போனைத் தொடக் கூடாது! தொட்டா கையை ஒடிப்பேன்!" என்று பிலிம் கேமராவும் கையுமாக நின்ற தங்கை உத்தரவு போட்டாள்.

திருமணப் பதிவு அலுவலகத்தின் குறுகிய அறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டே போனைப் பைக்குள் போட்டார்கள்.

அது கல்யாணப் பெண்ணான அக்காவின் ஆசை. படங்கள் பிலிமில்தான் இருக்க வேண்டும். கழுவி வரும்வரை எல்லோரும் ஆவலோடு காத்திருக்க வேண்டும்.

அவளுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளே தேடிக்கொண்ட மாப்பிள்ளை என்பதால், வரமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

தங்கைக்கோ கால் தரையில் பாவவில்லை. ஒரு ரோலில் முப்பத்தாறு படங்கள்தான். ஒன்றைக்கூட வீணாக்க முடியாது. ஜன்னல் வெளிச்சத்தை அளந்தாள். வெளிச்சம் புகும் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்தாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

க்ளிக்.

கட்டைவிரலால் லீவரைத் தள்ளி அடுத்த படத்துக்குத் தயாரானாள். அந்த 'கரக்' சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளங்கை குறுகுறுத்தது.

அக்கா கையெழுத்துப் போட்டாள். க்ளிக். மாப்பிள்ளை பதற்றத்தில் தன் பெயரையே தப்பாக எழுதப் பார்த்தார். க்ளிக். மோதிரம் அவள் விரல் மூட்டில் சிக்கிக்கொண்டது. க்ளிக்.

"எங்க, காட்டு பாப்போம்" என்று மாப்பிள்ளையின் சித்தி கேமராவைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் கறுப்புத் தோல் மட்டுமே இருந்தது.

"இப்பவே பாக்க முடியாது சித்தி. இதுல சுகமே அதுதான்."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பதிவாளர் எழுந்து கைகுலுக்கினார். தங்கை ஜன்னலோரம் ஒதுங்கி நின்றாள்.

திரும்பியபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"ஐயோ அக்கா, மோசம் போயிட்டேன்! பிலிம் மாட்டவே இல்ல!"

பிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் கனவிலும் பயப்படும் தப்பு அது. பிலிமின் நுனியை உருளையின் பிளவில் சரியாகச் சொருக வேண்டும். அது நழுவிவிட்டால் லீவர் நகரும், எண் ஏறும், க்ளிக் என்ற சத்தமும் வரும். பிலிம் மட்டும் டப்பாவுக்குள் நிம்மதியாகத் தூங்கும்.

"எங்க அண்ணன் வாழ்க்கையில உருப்படியா செஞ்ச காரியமே இது ஒண்ணுதான். அதையும் படமில்லாம பண்ணிட்டியே தாயே!" என்று மாப்பிள்ளையின் தம்பி தலையில் கைவைத்தான்.

"பெரிய கேமராக்காரி!" என்றார் சித்தி.

அக்காவின் கண்கள் நிறைந்தன. ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "போகட்டும் விடு, லூசு. மறுபடி எடுத்தா போச்சு."

"ஆமா, மறுபடியும்! முதல்லேருந்து! யாரும் போயிடாதீங்க, இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கல!" என்று தங்கை ஜன்னலோரம் நின்றபடியே தொண்டை கிழியக் கத்தினாள்.

"எல்லாரும் இங்கதானே இருக்கோம். ஊருக்கே கேக்குற மாதிரி எதுக்குடி கத்துற?" என்றாள் அக்கா.

தங்கை மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, கேமராவோடு மல்லுக்கட்டினாள். அந்த ரோல் ராசியில்லை என்று சொல்லிப் புதிதாக ஒன்றைப் போட்டாள். இந்த முறை மாப்பிள்ளையின் தம்பிக்கே காட்டினாள். "லீவரைத் தள்ளும்போது இந்தக் குமிழும் சுத்துது பாருங்க. சுத்தினா உள்ள பிலிம் ஓடுதுன்னு அர்த்தம்."

அப்போது கதவருகே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அப்பா.

"இந்நேரம் முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார், தரையைப் பார்த்தபடி. "ஏதோ சத்தம் கேட்டுச்சு…"

பதிவாளர், கையெழுத்தாகிவிட்ட பதிவேட்டை ஓசையில்லாமல் மூடிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க ஐயா. உக்காருங்க. இப்பதான் ஆரம்பிக்கப் போறோம்."

கடவுள் சில நல்லவர்களை அலுவலக மேசைகளுக்குப் பின்னாலும் உட்காரவைத்திருக்கிறார்.

அக்கா பேனாவைப் பிடித்தாள். பதிவாளர் நீட்டிய தாளில், அப்பாவைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மோதிரம் மறுபடியும் மூட்டில் சிக்கியது.

"அழுத்தாதீங்க. லேசா திருகித் தள்ளுங்க, மாப்ள" என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவருக்கே உறைத்தது. அறை ஆரவாரித்தது. சித்தி விசில் அடித்தார். அடிப்பார் என்று யாருமே நினைத்ததில்லை.

கேமராவின் கண்ணாடிக்குள் அப்பா இரண்டு மங்கலான உருவங்களாகத் தெரிந்தார். தங்கை லென்ஸின் வளையத்தை மெல்லத் திருப்பினாள். இரண்டும் நெருங்கி வந்து ஒரே அப்பாவாயின; அவர் அக்காவின் தோள்மேல் கைவைத்து நின்றார்.

மூச்சைப் பிடித்தாள். க்ளிக்.

அடுத்த வாரம், பிலிம் கழுவும் கடைக்காரம்மா நெகட்டிவ்களை வெளிச்சப் பலகையில் விரித்தார். இரண்டு ரோல்கள். இரண்டிலும் ஓர் இடம்கூடக் காலியில்லை.

"ரெண்டுமே பளிச்சுன்னு வந்திருக்கு. ஒரே கல்யாணத்தை எதுக்கும்மா ரெண்டு தடவ எடுத்த?"

தங்கை முதல் ரோலின் கடைசிப் படத்தின்மேல் பூதக்கண்ணாடியை வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அது அலுவலக ஜன்னல் வழியாக எடுத்த படம். வெளியே வாசல் கேட்டருகே அப்பா. அவருடைய வெள்ளைச் சட்டை நெகட்டிவில் கறுப்பாக இருந்தது. ஒரு கால் கேட்டுக்கு உள்ளே இருந்தது. உடம்பு தெருப் பக்கம் திரும்பியிருந்தது.