அம்மாவுக்கு ஐந்து நிமிடம்

"அண்ணி, நீங்க பேச வேணாம் லா. நீங்க மருமக. பெத்த பிள்ளைங்க நாங்க இருக்கோம்ல?"

பெர்த்திலிருந்து நேற்றுதான் வந்து இறங்கியிருந்த சந்திரமதி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னாள். அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில், பெட்டிக்குள் படுத்திருந்த மாமியார் பாக்கியலட்சுமியைப் பார்த்தபடி வைதேகி நின்றாள்.

பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியவள் அவள். மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும் முன் ஐந்து நிமிடம் யாராவது பேசலாம் என்று ஏற்பாடு. அந்த ஐந்து நிமிடத்தில் அத்தையைப் பற்றி ஒரே ஒரு உண்மையாவது சொல்லிவிட வேண்டும் என்று துடித்தாள். 'எங்க அத்தைக்கு இனிமையாப் பேசத் தெரியாது. யாருக்கும் தலை குனியவும் தெரியாது. புருஷன் போனதும் ஜூரோங் ஃபேக்டரியில நின்னு நின்னே கால் வீங்கி, மூணு பிள்ளைகளையும் ஆளாக்கினாங்க.' இவ்வளவுதான். பெட்டியை மூடுவதற்குள் இதை யார் சொன்னாலும் போதும்.

யார் சொல்வது? மூத்த மகன் நடேசன் காத்தோங் சொகுசுக் காண்டோ வீட்டிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பழக்கூடையோடு வந்து, காரை அணைக்காமலே திரும்புகிறவர். சந்திரமதி வீடியோ காலில் மட்டும் மகள். வைதேகியின் கணவன் சுப்பிரமணியமோ எப்போதும்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடேசன் மைக்கைப் பிடித்தார். "அம்மா... அன்பான அம்மா... பேரப்பிள்ளைங்களுக்கு அன்பான பாட்டி..." அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. துக்கத்தால் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். சரக்கு இல்லை என்று வைதேகிக்குத் தெரியும்.

அப்போதுதான் வயதான ஒருவர் டாக்சியிலிருந்து இறங்கி, மாலையும் கையுமாக ஓடி வந்தார். மாலைகளில் பாதி மறைந்திருந்த படத்தைத் தாண்டி நேராகப் பெட்டியருகே போனார். ஏற்கெனவே மூக்குவரை பூவால் மூடியிருந்த உடலைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அக்கா! முகமே மாறிப்போச்சே!"

"டயாலிசிஸ், அங்கிள்" என்றார் நடேசன், கைக்குட்டையை எடுத்தபடி.

"என்னைத் தெரியுதா தம்பி? அண்ணாதுரை. உங்க பக்கத்து வீட்டுல இருந்தேன். நீங்கல்லாம் அப்ப சின்னப் பிள்ளைங்க."

"தெரியாம இருக்குமா அங்கிள்!" தப்பிக்க வழி கிடைத்த நிம்மதியில் நடேசன் மைக்கை அவர் கையில் திணித்தார். "நீங்களே ரெண்டு வார்த்தை பேசுங்க."

அண்ணாதுரை பேசினார். ஊற்றுப் போலப் பேசினார்.

"எனக்கு வேலை போயிருந்த நேரம். பசிக்குதான்னு அக்கா கேட்கவே மாட்டாங்க. தட்டை வச்சுடுவாங்க. ஒரு நாள்கூடக் குரலை உசத்திப் பேசினதில்ல. சாயங்காலமானா பாட்டு. அந்தக் குரலைக் கேட்டா அழுவுற பிள்ளையும் தூங்கிடும்."

"ஆமா, ஆமா!" நடேசன் முந்திக்கொண்டார். "அம்மா பாடினாத்தான் நான் தூங்குவேன்."

"எனக்கு இப்பவும் காதுல கேக்குது" என்று சந்திரமதி விம்மினாள்.

"பாட்டி சோ ஸ்வீட் லா" என்று நடேசன் மகள் வைஷாலி அதை வீடியோ எடுத்தாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வைதேகி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டா? டிவியில் பாட்டு வந்தாலே, 'யாருடி அது கத்துறது, அணைச்சுத் தொலை' என்பாரே! குரலை உயர்த்தாதவரா? இவள் வைத்த ரசத்தை, 'பாத்திரம் கழுவின தண்ணி' என்று எட்டாவது மாடிக்கே கேட்கும்படி சொன்னவர் ஆயிற்றே!

அப்படியானால் ஊருக்கெல்லாம் தேன், எனக்கு மட்டும் வேப்பெண்ணெயா? எவனோ பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தட்டு வைத்த கை, எனக்கு ஒரு கோப்பி கலக்கித் தந்ததில்லையே? குளிப்பாட்டி, ஊட்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தேனே. உங்களை எனக்குத் தெரியும் என்று நினைத்தேனே, அத்தை. அத்தனை அன்பையும் என்னிடம் ஒளித்தா வைத்திருந்தீர்கள்? காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. துக்கத்தில் பாதி ஆத்திரம்.

"நேரமாச்சுங்க" என்றார் ஈமச்சடங்கு ஆள். ஐந்து நிமிடமும் தீர்ந்துபோயிருந்தது. மூடியை இறக்கினார்கள்.

"ரொம்ப நன்றி அங்கிள்" என்று நடேசன் அண்ணாதுரையைக் கட்டிக்கொண்டார். "எங்க அம்மாவை அப்படியே கண்ணு முன்னாடி நிறுத்திட்டீங்க."

"அச்சு அசலா அம்மாதான்" என்றாள் சந்திரமதி.

அண்ணாதுரையின் கைப்பேசி அடித்தது. "வந்துட்டேன் லா! மாலை போட்டு, பேசியும் முடிச்சுட்டேன்... என்னது, இன்னும் என்னைக் காணோமா? அக்கா மகன் உன் பக்கத்துலயா நிக்கிறான்? எந்த பிளாக்? கார் பார்க்குக்கு அந்தப் பக்கமா?"

அவர் மூடிய பெட்டியைப் பார்த்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்தார். பிறகு, இன்னும் தன் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த நடேசனை மெல்ல விலக்கினார்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க... இங்க தவறிப்போனது யாரு?"

நடேசன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்; சந்திரமதி கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். வைதேகி மட்டும் பெட்டியின் மேல் கையை வைத்து, "எங்க அத்தை" என்றாள், அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்துக்கொண்டே.